ஆடுகளத்தின் ஆசான்



கால்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுகிறார்கள். வென்றால் மாலை அவர்களுக்கு விழுகிறது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நண்பர்கள் களத்தைச் சுற்றி வருகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவன் படம் வருகிறது. இவை யாவும் முறையே. ஆயினும் ஆட்டம் நடந்த அந்த நேரம் முழுவதும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பந்தைத் தொடவில்லை. விதிப்படி தொடவும் கூடாது. களத்தினுள் ஓடியவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. வெளியே நின்ற அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர்தாம் பயிற்சியாளர். கல்லூரியில் அவரை உடற்கல்வி இயக்குநர் என்கிறோம். பள்ளியில் பி.டி. வாத்தியார் என்று உரிமையோடு அழைக்கிறோம். அவரைப் பற்றிச் சில செய்திகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பயிற்சியாளரை ஆங்கிலத்தில் 'கோச்' என்பார்கள். ரயில் பெட்டிக்கும் அதே பெயர்தான். இரண்டும் ஒரே சொல்லே. ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு சிற்றூர் உண்டு. நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்ற குதிரை வண்டிகளை அவ்வூரார் நேர்த்தியாகச் செய்தார்கள். ஊரின் பெயர் வண்டிக்கு ஆயிற்று. வண்டியின் பெயர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவிற்று. 1830-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக மாணவர்கள், தங்களைத் தேர்வென்னும் மேட்டுப் பாதையில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தனி ஆசிரியருக்கு இந்த வண்டியின் பெயரை வேடிக்கையாகச் சூட்டினார்கள். விளையாட்டுக்காரர்கள் அச்சொல்லை மாணவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஆகவே இச்சொல் வகுப்பறையில் பிறந்து ஆடுகளத்துக்குச் சென்ற சொல்லாகும். பயிற்சியாளர் முதலில் ஆசிரியர் என்பதை அச்சொல்லின் வரலாறே சொல்லிவிடுகிறது.

இந்த ஆசிரியரின் பெயரை மறவாமல் எழுதிவைக்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பழைய கல்லூரி ஒன்றின் ஆட்ட வரலாற்றைப் புரட்டினால், தலைமைப் பயிற்சியாளர்களின் பெயர்கள் அரச பரம்பரையின் வரிசை போல் நிற்கும். இன்னார் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார், அவர் காலத்தில் வென்றவை எத்தனை, தோற்றவை எத்தனை, சமனாக முடிந்தவை எத்தனை என்று கணக்கும் உடன் இருக்கும். அங்கே கால்பந்து என்று வழங்குவது நாம் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம் அது. ஆனால் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் மோதிய முதல் ஆட்டத்தில் பந்து உருண்டையாகவே இருந்தது. பக்கத்துக்கு இருபத்தைந்து பேர் ஆடினார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்பது விதி. பயிற்சியாளர் என்று எவரும் இல்லை. மாணவர்களே கூடி, மாணவர்களே ஆடிப் பிரிந்தார்கள்.

பிறகு பயிற்சியாளர்கள் தோன்றினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப் ஆட்டத்தின் விதிகளுக்கு ஒழுங்கு கொடுத்தார். சிகாகோ பல்கலைக்கழகம் 1892-ஆம் ஆண்டில் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரைப் பேராசிரியர்களுள் ஒருவராகவே வைத்துப் பதவி கொடுத்தது. 1932 வரை நாற்பத்தொரு ஆட்டப் பருவங்கள் அவர் அங்கே பயிற்சி அளித்தார். எழுபது வயதாகிவிட்டது, ஓய்வு பெறுக என்று பல்கலைக்கழகம் சொல்லவே, வேறொரு கல்லூரிக்குப் போய் மேலும் பதினான்கு பருவங்கள் பயிற்றுவித்தார். அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்தார். நோட்டர்டேம் கல்லூரியின் நூட் ராக்னி வேதியியலும் கற்பித்தவர். 1918 முதல் 1930 வரை அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பதின்மூன்று பருவங்களில் வெற்றி 105, தோல்வி 12, சமன் 5.

இந்தக் கணக்குகளைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எண்ணிக்கை ஏறஏற, அதனோடு ஒரு நோயும் ஏறிற்று. எப்படியாவது வெல்ல வேண்டும் என்ற வெறி கல்லூரிகளைப் பிடித்தது. 1905-ஆம் ஆண்டின் ஒரே ஆட்டப் பருவத்தில் ஏறத்தாழப் பதினெட்டு இளைஞர்கள் களத்தில் உயிரிழந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியும் முறை அனுமதிக்கப்பட்டது. ஆட்டத்தின் மூர்க்கம் குறைந்தது. 1939-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்வியின் நோக்கத்துக்கும் இத்தகைய பந்தயத்துக்கும் தொடர்பில்லை என்று துணிந்து, ஸ்டாக் வளர்த்த அந்த அணியையே கலைத்துவிட்டார். ஸ்டாக்கின் பெயர் தாங்கிய ஆடுகளம் ஆளற்றுக் கிடந்தது. அதன் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ஆம் நாள் என்ரிக்கோ ஃபெர்மி என்னும் அறிவியலறிஞர் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார்.

நாற்பது ஆண்டு உழைப்பு ஏன் ஒரு நாள் தீர்மானத்தில் கலைந்தது? கற்பித்தல் பின்னே போய், வெற்றி மட்டுமே முன்னே நின்றது. வெற்றி குன்றியபோது தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேறொரு விடை நம் சென்னையில் கிடைக்கிறது.

சிகாகோவுக்குப் போகுமுன் ஸ்டாக், ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் கிறித்தவ இளைஞர் சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றினார். அங்கே அவர் அணியில் ஆடியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் நைஸ்மித். இவர் 1891 டிசம்பரில் அதே கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவர். அக்கல்லூரியில் பின்னாளில் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சேர்ந்த மறு ஆண்டே, அதாவது 1920-இல், உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று நந்தனத்தில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியற் கல்லூரி ஆயிற்று. ஆசியாவில் இத்துறைக்கென எழுந்த முதல் கல்லூரி என்று அதனைப் போற்றுவர். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய அணி சென்றபோது அதனை அழைத்துச் சென்ற பொறுப்பும் பக் அவர்களுக்கே கிடைத்தது.

பக் நினைத்திருந்தால் சிறந்த அணி ஒன்றைத் திரட்டிக் கோப்பைகளை வென்று குவித்திருக்கலாம். அவர் தெரிந்தெடுத்தது வேறு வேலை. ஓர் அணிக்குப் பயிற்சி அளித்தால் பதினொருவர் பயன் பெறுவர். ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தால் அவர் போகும் ஊரெல்லாம் பயன் பெறும் என்பது அவர் கணக்கு. அதுவரை நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் வரிசையில் நின்று கையையும் காலையும் ஆட்டும் 'டிரில்' ஒன்றே என்ற நிலை பரவலாக இருந்தது. ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து நூலாக்கியும், ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பியும் அந்நிலையை மாற்ற அவர் பாடுபட்டார். 1943-இல் அவர் மறைந்தார். கல்லூரி மறையவில்லை. நூற்றாண்டைக் கடந்தும் அது ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் கொங்கு நாட்டிலும் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தின் மாருதி உடற்கல்வியியற் கல்லூரி இதே பணியைச் செய்து வருகிறது.

இனி, இந்தியக் கால்பந்தாட்டத்தின் தலைசிறந்த பயிற்சியாளர் ஒருவரைக் காண்போம். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். 1909-ஆம் ஆண்டில் பிறந்த ஐதராபாத்துக்காரர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பின்னர் உடற்பயிற்சித் துறையிலும் பட்டயம் பெற்றார். 1950 முதல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். அந்தப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணி 1951 மார்ச்சில் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கம் பெற்றது.

மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று இந்தியாவை நசுக்கிவிட்டது. நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிரில், ஈரத் தரையில், காலணி அணிந்தவர்களோடு அவர்கள் வழுக்கி விழுந்ததைச் சொல்லவும் வேண்டுமோ! நாணித் தலைகுனிந்து ஒதுங்கிவிடவில்லை ரஹீம். காலணி கட்டாயமாயிற்று. பயிற்சி முறைகளும் மாறின.

அவர் வகுத்த பயிற்சிகளைக் கேளுங்கள். வலக்காலால் உதைத்துப் பழகியவன் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஒருவனே ஓடக்கூடாது, தொட்டவுடன் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி வைப்பார். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை. பந்து ஒன்று, வெறும் நிலம், ஒரு விதி, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு விதி, ஆட்டக்காரன் தன் பலத்தின் பின்னே ஒளிந்துகொள்ள விடாமல், பலவீனத்தை நேரே சந்திக்கச் செய்கிறது. கணக்கில் பின்தங்கிய மாணவன் தமிழில் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும்போது, நல்ல ஆசிரியர் சிரித்துக்கொண்டே கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்வாரன்றோ? ரஹீம் களத்தில் செய்தது அதுவே.

பயன் கைமேல் கிடைத்தது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கியது இதே நாடுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அக்காலத்து இந்திய அணியின் வலைகாத்த பீட்டர் தங்கராஜ் நமக்குப் பக்கத்துப் படையைச் சேர்ந்தவர். நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் 1953-இல் சேர்ந்தார். தொடக்கத்தில் முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவராக ஆடியவர், பின்னர் கோல்காப்பாளராக மாறி, ஆசியாவின் தலைசிறந்த கோல்காப்பாளர் எனப் பெயர் பெற்றார். மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955-இலும் 1958-இலும் டூரண்டுக் கோப்பையை வென்றது. 1888-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை அது. ஓர் ஆளின் உயரத்தையும் கையின் நீளத்தையும் பார்த்து, இவன் ஆட வேண்டிய இடம் வேறு என்று கண்டுகொள்வது பயிற்சிக் கலையின் ஒரு பகுதி. தான் அடிக்க விரும்பும் கோலைவிடத் தான் தடுக்கப்போகும் கோல் பெரிது என்று அந்த இளைஞனை ஒப்ப வைப்பது அதனினும் கடினமான பகுதி.

ரஹீமின் கடைசி வெற்றி 1962-இல் ஜகார்த்தாவில் கிடைத்தது. அந்த ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இந்தியா இரண்டு கோல்களில் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்றது. ஜப்பானை இரண்டு கோல்களில் வென்றது. அரையிறுதியில் தென் வியட்நாமை வென்றது. இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா எதிரே நின்றது. ஊர் மக்களோ இந்தியர்மீது கடுங்கோபத்தில் இருந்தார்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு பந்தயங்களுக்கு வரவிடாததை இந்திய விளையாட்டுத் தலைவர் ஒருவர் கண்டித்ததே காரணம். அரங்கம் நிறைந்த கூட்டம் நம்மவர்க்கு எதிராக முழங்கிற்று. காவல்வரிசை ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். காயப்பட்டவரை வெளியே உட்கார்த்தி வைப்பதே எவரும் செய்வது. ரஹீம் அவரை முன்வரிசையில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தார்கள். பீட்டர் தங்கராஜ் வலைகாத்தார். இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது.

காயப்பட்டவரை ஆடவிட்டது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவே வேண்டும். தலைக்காயத்தைப் பற்றி இன்று மருத்துவம் அறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், இன்றைய பயிற்சியாளர் எவரும் அப்படிச் செய்யலாகாது. அக்காலத்துத் துணிவைப் போற்றுவோம். அதனை இக்காலத்துக்கு விதியாக்க வேண்டாம். ஆட்டக்காரரின் நலம் கோப்பையைவிடப் பெரிது என்பதைச் சொல்லும் துணிவும் துணிவே.

அப்பொழுதே ரஹீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. 1963 ஜூன் 11-ஆம் நாள், 53-ஆம் வயதில் அவர் காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதில்லை. 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாமிடமும், 1970-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் வெண்கலமும் கிடைத்தன. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குப் பின் ஒலிம்பிக் களத்தில் நம் கால்பந்து அணி கால் வைக்கவே இல்லை.

ஜகார்த்தாவில் நாம் வென்ற ஜப்பான் என்ன ஆயிற்று? 1960-இல் அந்நாட்டார் டெட்மார் கிராமர் என்னும் ஜெர்மானியப் பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். அவர் ஜப்பானிய அணிக்குப் பயிற்சி அளித்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அது அர்ஜென்டினாவை வென்றது. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. நாடு தழுவிய லீக் ஆட்டம் வேண்டும், பயிற்சியாளர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று அவர் அறிவுரை சொன்னார். ஜப்பானியர் கேட்டார்கள், மறு ஆண்டே, 1965-இல், லீக் தொடங்கிற்று. கிராமர் ஊர் திரும்பினார். அவர் விதைத்தது திரும்பவில்லை. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டு ஆசியப் பயிற்சியாளர்களுக்கென உலகக் கால்பந்துக் கழகம் நடத்திய பயிற்சி வகுப்பு ஜப்பானில்தான், கிராமர் தலைமையில்தான் நடந்தது. ஜகார்த்தாவில் ஜப்பானைத் தோற்கடித்த நம் பி.கே. பானர்ஜி அதில் மாணவராய் அமர்ந்து கற்றுவந்து, இந்தியாவின் பெரும் பயிற்சியாளர்களுள் ஒருவரானார். நாடு தழுவிய லீக் இந்தியாவில் தொடங்கியதோ 1996-ஆம் ஆண்டில்.

நம் தாழ்வுக்குக் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. உலகம் 90 நிமிடம் ஆடிக்கொண்டிருக்க, நம் நாட்டுப் போட்டிகளில் நெடுங்காலம் 70 நிமிடமே ஆடினார்கள். இத்தகைய குறைகள் பல. பாட்டியாலாவில் 1961-இல் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டதும் உண்மையே. ஆயினும் இத்தனை பெரிய நாட்டில் ஒரு மாமனிதரின் அறிவு அவரோடு போகாதபடி கொண்டுசெலுத்தும் வாய்க்கால்கள் வெட்டப்படவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தது. ஏரிக்குத் திருப்பியவர் இல்லை.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2019 மார்ச் 9-ஆம் நாள் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாப் அணியை வென்று, ஐ-லீக் பட்டம் சூடிற்று. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அதன் பயிற்சியாளர். திருப்பூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இந்தியப் பட்டம் வெல்லப்பட்டது! ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்த அணி தேசியக் களத்திலிருந்து மறைந்துவிட்டது. அதே 2019-ஆம் ஆண்டில் மதுரையின் சேது அணி, அமிர்தா அரவிந்த் என்னும் பெண் பயிற்சியாளரின் கீழ் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. முந்திய ஆண்டு தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை இறுதியாட்டத்தில் வென்று தேசியப் பட்டம் பெற்றிருந்தது. நம் பெண்களின் கால்களில் வலிமை இருக்கிறது. அதனைத் தொடர்ந்து பேணும் ஏற்பாடே வேண்டும்.

திருப்பூரை அடுத்த வீரபாண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்து இதனைக் கேட்கும் மாணவர்களுக்கு இக்கருத்தைப் புரியவைக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பின்னலாடைத் துணியை உற்றுப் பாருங்கள். ஒரு கண்ணி அடுத்த கண்ணியைக் கோத்துப் பிடித்திருக்கிறது. ஊசி ஒரு கண்ணியை விட்டுவிட்டால், அந்த இடத்திலிருந்து துணி ஏணிபோல் பிரிந்துகொண்டே இறங்கும். பயிற்சியும் அப்படித்தான். மூத்தவர் இளையவரைக் கோத்துப் பிடிக்க வேண்டும். அந்த இளையவர் தமக்கு அடுத்தவரைப் பிடிக்க வேண்டும். ஒரு தலைமுறை விட்டுப்போனால் பிரிவு அங்கே தொடங்கிவிடும். பனியன் கம்பெனியில் கைமடியாக வேலைக்குச் சேரும் பிள்ளை, பக்கத்தில் இருக்கும் ஓவர்லாக் டெய்லரைப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றுத் தானும் டெய்லராகிறான். நாளை அவனைப் பார்த்து இன்னொருவன் கற்பான். புத்தகம் இல்லாமலே அத்தொழில் கைமாறி வந்திருக்கிறது. தொழிலுக்குத் தெரிந்த இந்த வழி நம் ஆடுகளங்களுக்கும் தெரிய வேண்டாமா?

இவ்வூர்களில் உங்களுள் பலருடைய பெற்றோர் ஒன்றரை ஷிப்ட் உழைத்து இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள். பிள்ளை எங்கே ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்று பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பி.டி. வாத்தியார் ஒருவரே. பசியோடு வந்தவன் யார், காலில் அடிபட்டும் சொல்லாமல் ஓடுகிறவன் யார், ஒரு வாரமாய்ப் பேச்சுக் குறைந்தவன் யார் என்பதெல்லாம் வகுப்பறையைவிட மைதானத்தில்தான் முதலில் தெரியும். அந்த ஆசிரியரின் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு எடுக்கும்போது போவது நாற்பது நிமிட ஆட்டம் மட்டுமன்று என்பதைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, எழுதி வைத்தல். உங்கள் கல்லூரியில் முதல்வர்களின் பெயர்ப்பலகை இருக்கும். உடற்கல்வி இயக்குநர்களின் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பழைய மாணவர்களைக் கேட்டும், ஆண்டு மலர்களைப் புரட்டியும் அவ்வரிசையைத் தொகுக்கலாம். அமெரிக்கரைப் போல வெற்றி தோல்வி எண்களோடு நின்றுவிட வேண்டாம். அவர் எந்தப் பயிற்சியைப் புதிதாகக் கொண்டுவந்தார், அவரிடம் கற்றவர்களுள் எத்தனை பேர் பயிற்சியாளர்களாயினர் என்பதையும் எழுதுங்கள். பழைய ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, கற்றதைக் கொடுத்தல். கல்லூரி அணியில் ஆடும் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலை, தம் தெருவிலுள்ள பத்துச் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் பந்தைத் தடுப்பதையும் தோழருக்கு அனுப்புவதையும் சொல்லிக் கொடுக்கலாம். ரஹீம் வைத்த இடக்கால் போட்டியை எந்தப் பொட்டலிலும் வைக்கலாம். பிறருக்குக் கற்பிக்கும்போதுதான் நம் ஆட்டத்தின் குறையும் நமக்குத் தெரியவரும்.

மூன்றாவது, கேள்வி கேட்டல். வெற்றிக்காக வயதைக் குறைத்து எழுதச் சொன்னால், காயத்தை மறைத்து ஆடச் சொன்னால், எதிரியின் காலை உதைக்கச் சொன்னால், சொல்பவர் யாராயினும் மாட்டேன் என்று மரியாதையோடு சொல்லுங்கள். பயிற்சியாளருக்குக் கீழ்ப்படிதல் ஆட்டத்தின் ஒழுக்கம். தீமைக்குக் கீழ்ப்படியாமை மனிதனின் ஒழுக்கம். நல்ல பயிற்சியாளர் அந்த மறுப்பைக் கேட்டு உள்ளூர மகிழ்வார். தாம் கற்பித்தது மாணவனிடம் நின்றுவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று அவருக்குக் கிடைக்காது.

ஸ்டாக் அணியை வளர்த்தார். அவருக்குப் பின் அவ்வணி கலைந்தது. ரஹீம் வெற்றியைத் தந்தார். அதனைத் தொடர நாடு ஏற்பாடு செய்யவில்லை. பக் ஆசிரியர்களை உருவாக்கினார்; அவர் மறைந்த பின்னும் வேலை நடக்கிறது. மூவரும் பெரியவர்களே. ஆனால் ஒரு பயிற்சியாளரை அளக்கும்போது, அவர் காலத்துக் கோப்பைகளோடு, அவருக்குப் பின் வந்த ஆசிரியர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை இம்மூவர் வரலாறும் நமக்குக் காட்டுகிறது. அந்த எண்ணிக்கையில் சேரப்போகிறவர்கள் உங்களுள்ளும் இருக்கிறார்கள். நாளை மாலை மைதானத்துக்குப் போகும்போது, கோட்டுக்கு வெளியே நிற்கும் உங்கள் ஆசிரியரிடம், அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.